வெற்றிலை வைத்துப் போன வழி

ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் எல்லோரும் என் கடைசி நாளன்று என்னைச் சுற்றி நின்று, நாலு வார்த்தை பேசுங்கள் என்றீர்கள். நான் பேசவில்லை. டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். நாலு பேர் முன்னால் எழுந்து நின்றால் எனக்குப் பேச வராது. இத்தனை வருஷம் சாலிசிட்டர் ஆபீசில் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவனுக்கு இது ஒரு குறைதான். கண் பார்வை மங்கிவிட்டதால் மற்றவர்களைவிட முன்னதாகவே விடுபட்டிருக்கிறேன். வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில், பேசாமல் விட்டதை எழுதித் தரலாம் என்று தோன்றியது.

நான் மெட்ரிகுலேஷனோடு நிறுத்தியவன். உங்களில் சிலர் சட்டமே படித்தவர்கள். எந்த மனுவை எந்த மேஜையில் கொடுப்பது, எந்தத் தாளில் டைப் அடிப்பது என்பதெல்லாம் ஒரு மழைக்காலத்துக்குள் உங்களுக்குப் பழகிவிடும். அதைச் சொல்ல நான் தேவையில்லை. நான் சொல்ல நினைப்பது ஒரே ஒரு வழக்கைப் பற்றி. அதற்கு முன்புவரை சட்டம் என்றால் போலீசும் தண்டனையும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது எவ்வளவு பெரிய வஸ்து என்று அந்த வழக்கில்தான் பார்த்தேன். இன்றைக்கும் நினைத்தால் கொஞ்சம் பிரமிப்பாகத்தான் இருக்கிறது.

யுத்தம் முடிந்த அடுத்த மழைக்காலம். பம்பாய்க் கோட்டைப் பகுதியில் நம் ஆபீஸ் பழைய கட்டிடத்தில் இருந்தது. காலையில் மாதுங்காவிலிருந்து ரயிலேறி, நனைந்த குடையோடு படியேறி வந்தால், வாசலில் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு அம்மாள், ஐம்பது வயதைத் தாண்டியவர். கூட ஒரு ஆள், தோல் பதனிடும் இடத்தில் வேலை செய்கிறவர் என்று அவர் கையின் நிறத்திலேயே தெரிந்தது. மாதுங்கா மார்க்கெட்டில் எனக்குக் காய்கறி கொடுப்பவர், கோட்டையில் தமிழ் பேசுகிற குமாஸ்தா ஒருவர் இருக்கிறார் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

அந்த அம்மாள் பெயர் பேச்சியம்மாள். தாராவியில் திருநெல்வேலிக்காரர்கள் இருக்கும் சந்தில் வெகுகாலமாகக் குடியிருப்பவர். அன்று விடியற்காலையில் அவருடைய தம்பி சுடலைமுத்து காய்ச்சலில் இறந்துபோயிருந்தார். உடன் வந்தவர் இறந்தவருடைய மச்சான், அய்யாத்துரை. உடல் வீட்டில் கிடக்க, அழுவதற்குக்கூட நேரமில்லாமல் இருவரும் ஓடி வந்திருந்தார்கள்.

விஷயம் இதுதான். அவர்கள் சந்துக்கும் இடுகாட்டுக்கும் நடுவில் ஒரு காலி நிலம். அதன் ஓரமாக ஒரு ஒற்றையடிப் பாதை. சந்தில் யார் இறந்தாலும் அந்தப் பாதை வழியாகத்தான் தூக்கிப் போவார்கள். நிலம் ஒரு சேட்டுடையது. அங்கே கிடங்கு கட்டுவதற்காக அந்த மாதம் சுவர் எழுப்பியிருந்தார். பாதை வரும் இடத்தில் ஒரு இரும்பு கேட். அன்று காலை குழி வெட்டப் போனவர்களைக் காவல்காரர் உள்ளே விடவில்லை. யாரையும் விடக் கூடாதென்று சேட் உத்தரவாம். இன்னொரு வழி இருக்கிறது, கழிமுகச் சேற்றைச் சுற்றிக்கொண்டு. கோடையில் அதில் நடக்கலாம். அந்த மழையில் இடுப்பளவு சேறு. சவத்தோடு நாலு பேர் அதில் இறங்க முடியாது. போலீசில் போய்ச் சொன்னதற்கு, இது சிவில் சமாச்சாரம், கோர்ட்டுக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

"இருட்டுறதுக்குள்ள அவன மண்ணுக்குள்ள வைக்கணும் சாமி" என்றார் பேச்சியம்மாள். வேறு எதுவும் அவர் கேட்கவில்லை.

நம் சாலிசிட்டரை உங்களில் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். உயரமான, முன்கோபக்காரரான மனிதர். குமாஸ்தாக்கள் அவர் அறைக்குள் போகும்போது சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வார்கள். நான் விஷயத்தைச் சொன்னதும், மேஜையில் இருந்த காகிதங்களை ஒதுக்கிவிட்டு இருவரையும் உட்காரச் சொன்னார். சேட்டின் வீடு செம்பூரில் இருந்தது. உடனே ஒரு பியூனை நோட்டீசோடு அங்கே ஓட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, எவ்வளவு காலமாக அந்தப் பாதையில் போகிறார்கள் என்று கேட்கச் சொன்னார்.

பேச்சியம்மாளுக்கு வருஷக் கணக்குத் தெரியவில்லை. யார் யாரைத் தூக்கிப் போனோம் என்று வேண்டுமானால் சொல்கிறேன் என்றார். சொல்லத் தொடங்கினார். ஊரெல்லாம் விஷக்காய்ச்சல் வந்து ஜனங்கள் கொத்துக் கொத்தாகப் போனார்களே, அப்போது அவருடைய முதல் குழந்தை. அதற்குப் பிறகு மாமியார். பிறகு எதிர்வீட்டு ஆள். பிறகு அவர் புருஷன். வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். குரல் ஒரு இடத்திலும் உடையவில்லை. பாதையில் உரிமை கொண்டாட இருபது வருஷம் நடந்திருக்க வேண்டும் என்கிறது சட்டம்; அந்த அம்மாளின் சாவுகள் அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. சாலிசிட்டர் பேனாவை வேகமாக ஓட்டினார். எனக்கு அப்போதே ஜெயித்துவிட்டது போலிருந்தது.

அந்த நேரத்தில்தான் பேச்சியம்மாள் யாரும் கேட்காமலே ஒன்றைச் சொன்னார். கேட் வருவதற்கு முன்னால் அந்த இடத்தில் இரண்டு கல் நட்டிருக்கும். பாடை அங்கே வந்ததும் கொட்டு நிற்கும். மூத்தவர் ஒருவர் முன்னால் போய்க் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு வெற்றிலையும் பாக்கும் வைப்பார். பிறகுதான் உள்ளே போவார்கள். ஒரு சாவுக்குக்கூட இது தவறியதில்லை என்று பெருமையாகச் சொன்னார்.

நான் அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். சாலிசிட்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

ஏன் என்று உங்களுக்கு விளங்க வேண்டும். பிறத்தியார் நிலத்தின் வழியாக நடக்கிற உரிமை நீண்ட நாள் நடந்ததால் மட்டும் வந்துவிடாது. பலவந்தமாக நடந்திருக்கக் கூடாது. ஒளிந்து நடந்திருக்கக் கூடாது. அனுமதி கேட்டும் நடந்திருக்கக் கூடாது. முதல் இரண்டும் எல்லோருக்கும் எளிதில் புரியும். மூன்றாவதுதான் நம் ஜனங்களுக்கு விசித்திரமாக இருக்கும். ஆனால் யோசித்தால் நியாயம் புரியும். நான் தினமும் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டி, வரலாமா என்று கேட்டு உள்ளே வந்தால், எத்தனை வருஷம் வந்தாலும் நான் விருந்தாளிதான். வீட்டுக்காரன் ஆகிவிட மாட்டேன். வெற்றிலை வைத்தது அனுமதி கேட்டதாகும் என்றால், அந்த அம்மாள் சொன்ன அத்தனை சாவுகளும் சேட் குடும்பத்தின் தயவில் போன சாவுகள் ஆகிவிடும். பாதையில் உரிமை என்று ஒன்றுமே இருக்காது.

மரியாதை கொஞ்சம் குறைந்தவர்களாக இருந்திருந்தால் அவர்கள் வழக்கு இரும்பு மாதிரி இருந்திருக்கும். அவர்களுடைய மரியாதையே அதில் ஓட்டை போட்டிருந்தது.

இதைத் தமிழில் இருவருக்கும் விளக்கினேன். அய்யாத்துரை ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, அந்த வெற்றிலைச் சமாச்சாரத்தை எழுதாமல் விட்டுவிடுங்கள் என்றார். சேட்டுக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்கப் போகிறதா என்ன?

அதற்குள் செம்பூர் போன பியூன் திரும்பிவிட்டான். சேட் பூனாவுக்குப் போயிருக்கிறார், இரண்டு நாள் கழித்துத்தான் வருவார் என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். அப்படியானால் எதிராளி இல்லாமலே நீதிபதியிடம் போய் அவசரத் தடை உத்தரவு கேட்க வேண்டும். அய்யாத்துரைக்கு இது இன்னும் நல்லதாகப் பட்டது. மறுத்துப் பேசவே ஆள் இல்லையே.

நான் அதை மொழிபெயர்த்ததும் சாலிசிட்டர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கோபப்படவில்லை. நிதானமாக, ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி, நான் தமிழில் சொல்லும்வரை காத்திருந்து பேசினார். எதிராளி அறையில் இருந்தால் அவருக்கானதை அவர் பேசிக்கொள்வார். அவர் இல்லாதபோது அந்த அறைக்குள் நுழைகிறவன் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேச வேண்டும். சேட் வந்திருந்தால் நமக்கு எதிராக எதைச் சொல்வாரோ, அதை நாமே முதலில் சொல்ல வேண்டும். மறைத்து வாங்கிய உத்தரவு பிறகு தெரியவந்தால் அந்த ஒரு காரணத்துக்காகவே கிழித்துப் போடப்படும். வெற்றிலையைச் சொல்லாத அஃபிடவிட்டை, அந்தச் சத்திய வாக்குமூலத்தை, அவர் எடுத்துக்கொண்டு போக மாட்டார்.

உலகத்தில் எந்தச் சண்டையிலாவது, எதிரி ஊரில் இல்லை, அதனால் அவன் கத்தியையும் நாமே நம் மேல் வீசிக்கொள்ள வேண்டும் என்று விதி உண்டா? ஆனால் கோர்ட்டில் அப்படி ஒரு விதி இருக்கிறது. யாரும் பார்க்காத அறையில், பேச ஆளில்லாத ஒருவனுக்காக, அவனுடைய எதிரியையே பேச வைக்கிற விதி.

அய்யாத்துரை என்னைப் பார்த்து, "நம்ம வாயாலேயே நம்ம வழிய அடைக்கச் சொல்லுதியளா சாமி?" என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. வீட்டில் உடல் கிடக்கிறது.

பேச்சியம்மாள் அதுவரை எங்கள் முகங்களையே மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நடந்தத நடந்தபடி எழுதுங்க. பொய் சொல்லித் தொறந்த வழியில எந்தம்பி போவ வேண்டாம்" என்றார். அய்யாத்துரை முணுமுணுத்தார். அந்த அம்மாள் அவர் பக்கம் திரும்பி, "நீ ஒரு நா அந்த வழியாத்தான்லே போவணும். வாய மூடு" என்றதும் அடங்கிவிட்டார்.

நான் டைப் அடித்தேன். வெற்றிலைக்கென்று தனியாக ஒரு பத்தி. பூசி மெழுகாமல், நேராக.

நீதிபதி கோர்ட்டை முடித்துக்கொண்டு தம் அறைக்குப் போயிருந்தார். அறையில் கேட்கும் விஷயங்களுக்கு அப்போது சாலிசிட்டரே பேசலாம், பாரிஸ்டர் வேண்டியதில்லை. நாங்கள் நாலு பேரும் உள்ளே போனோம். வெளியே மழை. மேஜையில் பாதி குடித்த டீ. அங்கியைக் கழற்றி மாட்டியிருந்த நீதிபதி, நரைத்த தலையோடு, யார் வீட்டிலோ உட்கார்ந்திருக்கும் பெரியவர் போல இருந்தார். அதுவே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. உயர்ந்த மேடையும் அங்கியும் இல்லாவிட்டாலும் அந்த அதிகாரம் அறையில் இருந்தது.

அவர் படித்தார். வெற்றிலைப் பத்தியில் விரல் நின்றது. நிமிர்ந்து சாலிசிட்டரைப் பார்த்து, இது உங்களுக்குப் பாதகமான பத்தி என்றார். ஆமாம் பிரபு, அதனால்தான் எழுதியிருக்கிறோம் என்றார் சாலிசிட்டர். நீதிபதி தலையை லேசாக அசைத்தார். பிறகு அந்த அம்மாளை நேரில் கேட்க வேண்டும் என்றார்.

கோர்ட்டின் தமிழ் மொழிபெயர்ப்பாளர் அந்த நேரத்துக்கு வீட்டுக்குப் போய்விட்டார். இங்கே யாருக்குத் தமிழ் தெரியும் என்று கேட்டார் நீதிபதி. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் யார் என்று விசாரித்துவிட்டு, எனக்குச் சத்தியப் பிரமாணம் செய்து வைத்தார். பிறகு ஒன்று சொன்னார். நீ இவர்களுடைய ஆபீசைச் சேர்ந்தவன். ஆனால் இந்த அறையில் மொழிபெயர்க்கும்வரை நீ யாரையும் சேர்ந்தவன் அல்ல.

நான் சாலிசிட்டர் பக்கத்திலிருந்து விலகி, மேஜையின் மறு ஓரத்தில் போய் நின்றேன்.

அவர் முதலில் கேட்டது இது. ஏன் அந்த வெற்றிலையை வைக்கிறீர்கள்? பேச்சியம்மாள், அது இறந்தவர் அக்கம்பக்கத்தாரிடம் விடைபெற்றுக்கொள்வது என்றார். டீக்கடை முனையில் ஒன்று, தோல் கிடங்கு முனையில் ஒன்று, சேட் நிலத்தில் ஒன்று என்று வைத்துக்கொண்டே போவார்களாம். நீதிபதி எழுதிக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்டார்.

ஒரு நாள் நிலத்துக்காரர் வந்து, இன்றைக்குப் போகக் கூடாது என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

தம்பிகளே, அந்தக் கேள்வியை நான் உடனே தமிழில் சொல்லவில்லை. ஒரு மூச்சு நின்றேன். அதன் இரண்டு பக்கமும் பள்ளம் என்று எனக்குத் தெரிந்திருந்தது. திரும்பிப் போயிருப்போம் என்றால் அது அனுமதி; வழக்கு போச்சு. தள்ளிக்கொண்டு போயிருப்போம் என்றால் அது பலவந்தம், வழக்கு போச்சு. இந்தச் சட்டம் எதுவும் தெரியாத, தம்பியைப் பறிகொடுத்த ஒரு மனுஷி பதில் சொல்லப் போகிறார். கேள்வியைக் கொஞ்சம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்த்துக் கேட்க என்னால் முடியும். அறையில் வேறு யாருக்கும் எங்கள் பாஷை தெரியாது; அய்யாத்துரைக்கோ இங்கிலீஷ் தெரியாது. நான் சாய்த்தால் கண்டுபிடிக்க ஆள் கிடையாது. ஆனால் யாரையும் சேர்ந்தவன் அல்ல என்று ஒரு மனிதர் சொல்லிவிட்டாரே. அந்த வார்த்தை என் முதுகில் கை வைத்தது போல நின்றது. கேள்வியை உள்ளபடியே கேட்டேன்.

பேச்சியம்மாள் யோசிக்கவே இல்லை.

"எறக்கி வச்சிட்டு அங்கனயே உக்காந்திருப்போம் சாமி. எம்புட்டு நேரந்தான் ஒரு மனுசன் செத்தவன்மேல கோவமா இருப்பான்? அவரு கோவம் தணிஞ்ச பெறகு தூக்கிட்டுப் போவோம்."

நான் இங்கிலீஷில் அதை அப்படியே சொன்னேன். நீதிபதி என்னைப் பார்க்கவில்லை, அந்த அம்மாளைப் பார்த்தார். திரும்பிப் போகவும் இல்லை, மோதவும் இல்லை. சட்டப் புத்தகங்கள் பக்கம் பக்கமாக எழுதித் தேடிய குறுகலான நடுவழியை, அந்த வழியிலேயே பிறந்து வளர்ந்தவர் போல அவர் காட்டிவிட்டார். அதில் யாருடைய சாமர்த்தியமும் இல்லை. அவர்கள் அப்படித்தான் வாழ்ந்திருக்கிறார்கள். கேள்வி சரியாகக் கேட்கப்பட்டதால் அது வெளியே வந்தது.

சாலிசிட்டர் பணத்தால் ஈடுகட்ட முடியாத நஷ்டம் என்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அதுதான் தடை உத்தரவுக்கு அஸ்திவாரம் என்று உங்களுக்குத் தெரியும். பணம் கொடுத்துச் சரிசெய்யக்கூடிய கெடுதலுக்குக் கோர்ட் பணத்தைத்தான் கொடுக்கச் சொல்லும். ஒருவன் கையைப் பிடித்து நிறுத்தாது. நீதிபதி கையைக் காட்டி அவரை நிறுத்தினார். இதற்கு வாதம் தேவையில்லை என்றார். ஆனால் பேச்சியம்மாளிடம் ஒரு வாக்குறுதி வாங்கினார். பிற்பாடு இந்த உத்தரவு தவறு என்று தெரிந்தால், அதனால் சேட்டுக்கு உண்டான நஷ்டத்தை நீங்கள் ஏற்க வேண்டும். எதுவும் இல்லாத அந்த அம்மாள் இரண்டு கையையும் கூப்பி, ஏற்கிறேன் என்றார். நீதிபதி அதையும் முழு மரியாதையோடு எழுதிக்கொண்டார்.

உத்தரவு நாலே வரி. அன்றைய சவ ஊர்வலத்தையும், அடுத்த விசாரணை வரைக்கும் அந்த வழியாகப் போகும் எந்தச் சவத்தையும் சேட்டோ அவருடைய ஆட்களோ தடுக்கக் கூடாது. கேட்டையோ சுவரையோ இடிக்கச் சொல்லவில்லை. கிடங்கு கட்டுவதை நிறுத்தச் சொல்லவில்லை. தேவைக்கு மேல் ஒரு அங்குலம்கூட அந்த உத்தரவு நகரவில்லை. அதைப் படித்தபோது, அவ்வளவு பெரிய பலத்தை இவ்வளவு சிறிய இடத்தில் அடக்கி வைக்க ஒருவரால் முடிகிறதே என்று மலைத்தேன்.

நகலை எடுத்துக்கொண்டு நாங்கள் மூவரும் சயான் ஸ்டேஷனில் இறங்கி ஓடினோம். சாலிசிட்டர் என்னைத்தான் அனுப்பினார்; உத்தரவைக் கேட்டில் இருப்பவருக்குப் படித்துக் காட்டுவது குமாஸ்தா வேலை. நாங்கள் போனபோது பாடை கேட்டுக்கு முன்னால் வந்துவிட்டிருந்தது. இனியும் வீட்டில் வைத்திருக்க முடியாது என்று எடுத்து வந்துவிட்டார்கள். அந்த அம்மாள் சொன்னபடியே, கீழே இறக்கி வைத்துவிட்டு, தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு, ஜனங்கள் சேற்றில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர்கூடக் கேட்டைத் தொடவில்லை.

அத்தனை பேர் நடுவே நான் நின்று பேச வேண்டியிருந்தது. காவல்காரர் கிட்டே போய், காதோடு சொல்வது போல இந்தியில் படித்துக் காட்டினேன். அவர் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார். அவரும் ஒரு கூலிக்காரர்தான். திறந்துவிட்டதற்காகச் சேட் என் வேலையை எடுத்துவிட்டால்? என்று கேட்டார். நியாயமான கேள்வி. "திறந்தது நீங்கள் இல்லை, இந்தக் காகிதம். சேட் கேட்டால் இதை அவரிடம் கொடுங்கள்" என்றேன். ஒரு நகலை அவர் கையில் கொடுத்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. மழையில் நனையாமல் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பூட்டைத் திறந்தார்.

போலீஸ் இல்லை, கம்பு இல்லை. கோட்டையில் ஒரு வயதானவர் ஆறிப்போன டீக்கு முன்னால் உட்கார்ந்து நாலு வரி எழுதியிருக்கிறார். தாராவியில் ஒரு இரும்புக் கதவு திறக்கிறது. இதற்குப் பிறகு எத்தனையோ உத்தரவுகளைச் சுமந்திருக்கிறேன். அந்தத் தாழ்ப்பாள் விலகிய சத்தம் மாதிரி எதுவும் என்னை உலுக்கியதில்லை. சுடலைமுத்துவை வெளிச்சம் இருக்கும்போதே அடக்கம் செய்தார்கள்.

ஆனால் பாதை இன்னும் யாருக்கும் சொந்தமாகவில்லை. பத்து நாள் கழித்துத் திறந்த கோர்ட்டில் இரண்டு தரப்பும் வந்தன. சேட் நேரில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைக் கோட்டு, கருப்புத் தொப்பி, சாந்தமான முகம். அவருடைய பாரிஸ்டர் எழுந்து, இவர்கள் ஒவ்வொரு தடவையும் வெற்றிலை வைத்து அனுமதி கேட்டுத்தான் போயிருக்கிறார்கள்; அந்த உண்மை பிரபுவிடம் மறைக்கப்பட்டது என்று பலமாக ஆரம்பித்தார். நீதிபதி அஃபிடவிட்டைத் திருப்பி, பத்தி எண்ணைச் சொன்னார். பாரிஸ்டர் படித்துப் பார்த்தார். அவர் கொண்டுவந்த ஒரே ஆயுதத்தை நாங்கள் முன்பே மேஜையில் வைத்திருந்தோம். அவருக்கு அதற்கு மேல் எங்கே போவதென்று தெரியவில்லை. அந்தப் பத்தியை டைப் அடித்தபோது தோற்றோம் என்று நினைத்தவன் நான்.

நீதிபதி சேட்டைப் பார்த்து, சில கேள்விகளுக்குப் பதில் சொல்வீர்களா என்றார். சேட் எழுந்தார். அந்த அம்மாளிடம் கேட்டதையே அவரிடமும் மறுபக்கத்திலிருந்து கேட்டார் நீதிபதி. நீங்களோ உங்கள் தகப்பனாரோ எப்போதாவது போகக் கூடாது என்று சொன்னதுண்டா?

சேட் எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். உண்டு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்; தடுத்தும் பலவந்தமாகப் போனார்கள் என்றாகிவிடும். மறுப்பதற்குச் செத்தவர்களா வரப் போகிறார்கள்? அவருடைய பாரிஸ்டர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சேட் தம் பாஷையில் மெதுவாகச் சொன்னார். அந்தக் காலத்தில் நிலத்தின் மூலையில் எங்கள் தோல் கொட்டகை இருந்தது. கொட்டு நின்ற சத்தம் கேட்டால் என் தகப்பனார் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் எழுந்து நிற்பார். அவர்கள் போய் முடியும்வரை நிற்பார். இறந்தவரிடம் போகாதே என்று எப்படிச் சொல்வது? சுவருக்கு வரைபடம் போட்டவர்கள் பாதையைக் காட்டவில்லை, நானும் யோசிக்கவில்லை.

பின்வரிசையில் பேச்சியம்மாள் என் கையைத் தொட்டு, என்ன சொல்கிறார் என்று கேட்டார். சொன்னேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தம்பி இறந்த நாளில் அழாதவர், அங்கே அழுதார்.

சமரசமாக முடித்துக்கொள்ளலாம் என்று இரண்டு தரப்பாரும் சொன்னார்கள். பாதை சந்துக்காரர்களுடைய உரிமை என்று சேட் ஒப்புக்கொள்கிறார். மீதி நிலத்தில் கிடங்கு கட்டிக்கொள்வார். நீதிபதி சம்மதித்தார். ஆனால் பாதையின் அகலம் என்ன என்று கேட்டார். அகலம் இல்லாமல் உத்தரவு போட்டால் நாளைக்கே சண்டை வரும், அளந்து சொல்லுங்கள் என்று இடைவேளை விட்டார்.

யாருக்கும் தெரியவில்லை. பாடை போகிற அகலத்தை யார் அடியில் அளந்து வைத்திருக்கிறார்கள்? வராந்தாவுக்கு வந்தோம். நான் கீழே போய், கட்டிடத்தில் வேலை செய்துகொண்டிருந்த கொத்தனாரிடம் ஒரு டேப் வாங்கிவந்தேன். அய்யாத்துரை, நின்று காட்டினால்தான் தெரியும் என்றார். அவரும் சந்து ஆட்கள் இரண்டு பேரும், தூக்குகிற மாதிரி தோளைக் கொடுத்து மூன்று மூலையில் நின்றார்கள். நாலாவது ஆள் இல்லை. "சாமி, வாங்க" என்று என்னை இழுத்து நிறுத்திவிட்டார். வக்கீல்களும் கட்சிக்காரர்களும் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். டேப் என் பையிலேயே இருக்க, இல்லாத பாடையைத் தோளில் வைத்தபடி, கூச்சத்தில் நிமிராமல் நின்றேன்.

இது பத்தாது என்றார் அய்யாத்துரை. வழியில் தோள் மாற்ற ஆள் வருவான். அவன் பக்கத்தில் நடக்க இடம் வேண்டும். அதை எப்படி அளப்பது என்று எதிர்த்தரப்புக் குமாஸ்தா கேட்டார்.

சேட் தொப்பியைக் கழற்றித் தம் ஆளிடம் கொடுத்துவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, தோள் மாற்ற வருகிறவர் போல என் தோளுக்குப் பக்கத்தில் நின்றார். மூங்கில் இருக்க வேண்டிய இடத்துக்குக் கையை உயர்த்தினார். நான் தோளை எடுத்துக்கொண்டு, அவருக்கு வெளிப்பக்கமாக ஒரு அடி விலகினேன். அவர் தோளைக் கொடுத்தார்.

"இப்ப அளங்க சாமி" என்றார் அய்யாத்துரை.